சொல்லும் நிரலும்

படிக்கும் முன்: வரலாறு, இலக்கியம், மெய்யியல் போன்ற பாடங்களைப் பல்கலைக்கழகத்தில் படித்தவர்கள் என்னென்ன வேலைகளுக்குச் செல்லலாம்? உங்களுக்குத் தோன்றுவனவற்றைப் பட்டியலிடுங்கள். பாடத்தைப் படித்து முடித்த பின்னர், அந்தப் பட்டியலில் எதையாவது சேர்க்க விரும்புகிறீர்களா என்று பாருங்கள்.

தீபாவளியன்று எழுந்த கேள்வி

ஈசூனில் உள்ள அந்த அடுக்குமாடி வீட்டில் தீபாவளி களைகட்டியிருந்தது. முறுக்குத் தட்டும் அச்சுப் பலகாரமும் கைமாறிக்கொண்டிருந்தன. பாட்டி சன்னலோரம் அமர்ந்து, நீரிழிவு நோய்க்காகத் தாம் ஒதுக்க வேண்டிய இனிப்புகளை ஏக்கத்துடன் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது பெரியம்மா, வீட்டின் மூத்த மகளிடம் அந்தக் கேள்வியைக் கேட்டார்.

"நீ வரலாறுதானே படித்தாய்? அதைப் படித்துவிட்டு இனி என்ன வேலைக்குப் போகப்போகிறாய்?"

பெரியம்மா அக்கறையுடன்தான் கேட்டார். ஆனால், அந்தக் கேள்வி அந்த இளம்பெண்ணின் மனத்தில் தைத்தது. அவள் பட்டம் பெற்று ஈராண்டுகள் ஆகியிருந்தன. ஓர் அலுவலகத்தில் ஒப்பந்த அடிப்படையில் வேலை பார்த்து வந்தாள். அந்த ஒப்பந்தம் டிசம்பர் மாதத்துடன் முடியவிருந்தது.

அவள் முன் இரண்டு வழிகள் இருந்தன. ஒரு நிறுவனம் அவளுக்கு நிரந்தர நிர்வாக வேலை ஒன்றைத் தருவதாகச் சொல்லியிருந்தது. சம்பளம் அதிகமில்லை என்றாலும் மாதந்தோறும் தவறாமல் வரும். மற்றொரு வழி, சேமிப்பைச் செலவழித்து ஆறு மாத முழுநேர நிரலாக்க வகுப்பில் சேர்வது. கணினித் துறையில் நுழைய வேண்டும் என்ற ஆவல் அவளுக்குச் சில காலமாகவே இருந்தது.

விருந்தினர் சென்ற பிறகு அவள் தன் தந்தையிடம் அதைப் பற்றிப் பேசினாள். பேருந்து ஓட்டுநரான அவர் சற்று நேரம் யோசித்தார்.

"படிப்பதற்கு நான் தடை சொல்லமாட்டேன்மா. ஆனால், ஆறு மாதம் கழித்தும் வேலை கிடைக்காவிட்டால் என்ன செய்வாய்? தம்பி அடுத்த ஆண்டு பலதுறைத் தொழிற்கல்லூரிக்குப் போகிறான். வீட்டுக் கடனும் இருக்கிறது" என்றார்.

அவளிடம் அதற்குப் பதில் இல்லை.

கணினித் துறையில் என்னென்ன வேலைகள் உள்ளன?

இந்தக் குடும்பத்தில் எழுந்த கேள்வி பல வீடுகளில் எழும் கேள்விதான். மனிதவியல் பாடங்களைப் படித்தவர்கள் ஆசிரியராகலாம், செய்தியாளராகலாம், அரசாங்கப் பணிக்குச் செல்லலாம் என்பது பொதுவான எண்ணம். கணினித் துறை என்றவுடன், கறுப்புத் திரையில் நிரல் எழுதிக்கொண்டிருக்கும் ஒருவரின் உருவமே பலருக்கும் நினைவுக்கு வரும். அதனால், அந்தத் துறைக்கும் கலைப் படிப்புக்கும் தொடர்பே இல்லை என்று பலர் முடிவு செய்துவிடுகின்றனர்.

உண்மையில், ஒரு செயலி பயனாளரின் கைக்கு வந்து சேர்வதற்குள் பலருடைய உழைப்பு அதில் சேர்கிறது. நிரல் எழுதுபவர் அவர்களுள் ஒருவர். பயனாளர்களைச் சந்தித்து, அவர்களுக்கு எது தேவை என்று கேட்டறிபவர் இன்னொருவர். திரையில் தோன்றும் ஒவ்வொரு சொல்லையும் தேர்ந்தெடுத்து எழுதுபவரும் இருக்கிறார். மென்பொருள் சரியாக இயங்குகிறதா என்று பல கோணங்களில் சோதித்துப் பார்ப்பவர், அதைப் பயன்படுத்தும் முறையை விளக்கிக் கையேடு எழுதுபவர், திரட்டிய தரவுகளை ஆராய்ந்து அவை சொல்லும் செய்தியைக் கண்டறிபவர், வேலைகளை ஒருங்கிணைத்து அடுத்து எதைச் செய்யவேண்டும் என முடிவு செய்பவர் எனப் பட்டியல் நீள்கிறது.

இவற்றுள் பல வேலைகளுக்குக் கூர்ந்து படிக்கும் பழக்கமும் தெளிவாக எழுதும் திறனும் சரியான கேள்வியைக் கேட்கும் துணிவும் தேவை. வரலாறு படிக்கும் மாணவர் ஒரு பழைய ஆவணத்தைப் பார்க்கும்போது, 'இதை எழுதியவர் யார்? யாருக்காக எழுதினார்? எதைச் சொல்லாமல் விட்டார்?' என்று கேட்கப் பழகுகிறார். இலக்கியம் படிப்பவர், ஒரு சொல் மாறினால் பொருள் எப்படி மாறும் என்பதை அறிகிறார். மெய்யியல் படிப்பவர், ஒரு வாதத்தில் எங்கே ஓட்டை இருக்கிறது என்று தேடுகிறார். இந்தப் பயிற்சிகள் கணினித் துறையிலும் பயன்படும். ஆனால், அவை மட்டும் போதுமா என்பது வேறு கேள்வி.

இரண்டு முன்னோடிகள்

கலைப் படிப்பிலிருந்து தொழில்நுட்பத் துறைக்குச் சென்று உயர்ந்தவர்களுள் ஒருவர் சூசன் வொஜ்சிக்கி. அவர் அமெரிக்காவின் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் வரலாறும் இலக்கியமும் படித்து, 1990ஆம் ஆண்டில் பட்டம் பெற்றார். பட்டப்படிப்பின் இறுதி ஆண்டில்தான் அவர் முதன்முதலாகக் கணினி அறிவியல் பாடம் ஒன்றைப் படித்தார். அந்த ஒரு பாடம் அவருக்குப் புதிய துறையின் வாசலைக் காட்டியது. பின்னர் பொருளியலிலும் வணிக நிர்வாகத்திலும் முதுநிலைப் பட்டங்களைப் பெற்றார்.

1998ஆம் ஆண்டில் அவர் தம் வீட்டின் கார் நிறுத்தும் கொட்டகையை இரண்டு இளைஞர்களுக்கு வாடகைக்கு விட்டார். லாரி பேஜ், செர்கே பிரின் ஆகிய அவ்விருவரும் அங்கிருந்துதான் கூகல் நிறுவனத்தை நடத்தத் தொடங்கினர். மறு ஆண்டு வொஜ்சிக்கி அந்நிறுவனத்தின் முதல் சந்தைப்படுத்துதல் நிர்வாகியாகச் சேர்ந்தார். 2014 முதல் 2023 வரை யூடியூப் நிறுவனத்தின் தலைமை நிர்வாகியாகப் பணியாற்றினார். 2024இல் அவர் மறைந்தார்.

மற்றொருவர் கனடாவைச் சேர்ந்த ஸ்டுவர்ட் பட்டர்ஃபீல்ட். அவர் கனடாவிலும் பின்னர் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்திலும் மெய்யியல் படித்தார். நண்பர்களுடன் சேர்ந்து இணைய விளையாட்டு ஒன்றை உருவாக்க முயன்றார். அது வெற்றி பெறவில்லை. ஆனால், அந்த முயற்சியிலிருந்து, படங்களைப் பகிர்ந்துகொள்ளும் ஃபிளிக்கர் என்ற இணையத்தளம் 2004இல் பிறந்தது. சில ஆண்டுகள் கழித்து அவர் மீண்டும் ஒரு விளையாட்டை உருவாக்கினார். அதுவும் 2012இல் மூடப்பட்டது. அந்த விளையாட்டை உருவாக்கியபோது, தங்களுக்குள் தொடர்புகொள்வதற்காக அக்குழுவினர் ஒரு கருவியைச் செய்து வைத்திருந்தனர். அந்தக் கருவியே பின்னர் ஸ்லாக் என்ற பெயரில் உலகெங்கும் அலுவலகங்களில் பயன்படத் தொடங்கியது.

இவ்விருவரின் கதைகளைக் கேட்பவர்கள் ஒன்றை மறந்துவிடக்கூடாது. வொஜ்சிக்கி பட்டத்தோடு நின்றுவிடாமல் மேலும் படித்தார். பட்டர்ஃபீல்ட் சிறுவயதிலேயே தாமாக நிரல் எழுதக் கற்றவர். கலைப் படிப்பு அவர்களுக்குத் தடையாக இருக்கவில்லை என்பது உண்மை. ஆனால், புதிய துறைக்குத் தேவையானதை அவர்கள் தனியே கற்றுக்கொண்டார்கள் என்பதும் உண்மை.

இணையத்தில் தமிழ் வளர்த்த ஆசிரியர்

இத்தகைய முயற்சிக்கு எடுத்துக்காட்டாகச் சிங்கப்பூரிலேயே ஒருவர் இருந்தார். அவர் எழுத்தாளர் நா. கோவிந்தசாமி. சிறுகதைகள் எழுதிப் புகழ்பெற்ற அவர், தேசியக் கல்விக் கழகத்தில் தமிழ் விரிவுரையாளராகப் பணியாற்றினார். மொழியும் இலக்கியமுமே அவருடைய துறை.

1990களில் இணையம் பரவத் தொடங்கியபோது, அதில் பெரும்பாலும் ஆங்கிலமே இருந்தது. தமிழ் எழுத்துகளைத் திரையில் கொண்டுவருவதே பெரும் சிக்கலாக இருந்தது. அதற்குத் தீர்வு காணும் வேலையைக் கணினி வல்லுநர்களே செய்யட்டும் என்று கோவிந்தசாமி ஒதுங்கியிருக்கவில்லை. தாமே கணினியைக் கற்று, 'கணியன்' என்ற தமிழ் மென்பொருளை உருவாக்கும் பணியில் ஈடுபட்டார். 1995ஆம் ஆண்டில், சிங்கப்பூர்க் கவிதைகளை நான்கு அதிகாரத்துவ மொழிகளிலும் வழங்கும் இணையத்தளம் தொடங்கப்பட்டது. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழக ஆய்வாளர்களுடன் இணைந்து, அதில் தமிழ்க் கவிதைகளை இடம்பெறச் செய்தவர் கோவிந்தசாமியே. தமிழ்க் கணிமையில் ஆர்வம் கொண்டவர்களை ஒன்றுதிரட்டி, 1997இல் சிங்கப்பூரில் 'தமிழ்நெட் 97' என்ற மாநாடு நடைபெறவும் அவர் முன்னின்றார். 1999இல் அவர் மறைந்தார்.

கணினி வல்லுநருக்கு நிரல் தெரியும். ஆனால், தமிழ் எழுத்து எப்படி இயங்குகிறது என்பதைத் தமிழ் அறிந்தவரே சொல்ல முடியும். இரண்டு அறிவும் ஒரே மேசையில் சந்தித்ததால்தான் அந்தப் பணி நிறைவேறியது.

இரவில் கற்ற பாடம்

தீபாவளி முடிந்து சில நாள்களில் அந்த இளம்பெண் ஒரு முடிவுக்கு வந்தாள். நிரந்தர வேலையை ஏற்றுக்கொண்டாள். ஆனால், தன் ஆசையையும் கைவிடவில்லை. பகலில் வேலை, இரவில் படிப்பு என்று திட்டமிட்டாள்.

சிங்கப்பூரில் 2015இல் தொடங்கப்பட்ட ஸ்கில்ஸ்ஃபியூச்சர் இயக்கத்தின்கீழ், 25 வயதும் அதற்கு மேலும் உள்ள குடிமக்களுக்குப் பயிற்சிக் கட்டணத்திற்காக 500 வெள்ளி ஒதுக்கப்படுகிறது. அவளுக்கு அந்த வயது நிறைந்திருந்தது. அந்தத் தொகையைப் பயன்படுத்தி மாலை நேர வகுப்பு ஒன்றில் சேர்ந்தாள். பைத்தான் என்ற நிரல்மொழியையும் மென்பொருள் சோதனையின் அடிப்படைகளையும் கற்கத் தொடங்கினாள்.

முதல் மாதங்கள் எளிதாக இல்லை. ஓர் அடைப்புக்குறி விடுபட்டால் நிரல் ஓட மறுத்தது. வகுப்பில் இருந்த சிலர் அவளைவிட வயதில் இளையவர்கள். அவர்கள் ஐந்து நிமிடத்தில் முடித்த கணக்கை அவள் வீட்டிற்கு எடுத்துச் சென்று நள்ளிரவுவரை போராடி முடித்தாள். 'நான் வரலாற்றோடு நின்றிருக்கலாமோ?' என்ற எண்ணம் பலமுறை எழுந்தது. இருந்தாலும் ஒவ்வோர் இரவும் ஒரு மணி நேரமாவது பயிற்சி செய்தாள். எறும்பு ஊரக் கல்லும் தேயும் அல்லவா?

ஆறேழு மாதங்களுக்குப் பிறகு, பாடப் பயிற்சிகளை விட்டுவிட்டுச் சொந்தமாக ஏதாவது செய்துபார்க்க விரும்பினாள். அரசாங்கத்தின் திறந்த தரவுத் தளத்தில், வீடமைப்பு வளர்ச்சிக் கழக மறுவிற்பனை வீடுகளின் விலை விவரங்கள் 1990ஆம் ஆண்டிலிருந்து கிடைக்கின்றன. அவற்றைப் பதிவிறக்கம் செய்து, ஆண்டுவாரியாக விலை ஏறி இறங்குவதைக் காட்டும் வரைபடம் ஒன்றை நிரல் எழுதி உருவாக்கினாள். வரைபடத்தில் 1990களின் இறுதியில் ஒரு சரிவு தெரிந்தது. நிரல் அந்தச் சரிவைக் காட்டியதே தவிர, அதன் காரணத்தைச் சொல்லவில்லை. 1997இல் ஆசிய நாடுகளைத் தாக்கிய நிதி நெருக்கடியைப் பற்றி அவள் பல்கலைக்கழகத்தில் படித்திருந்தாள். அந்தக் காலச் சூழலை விளக்கி, வரைபடத்திற்குக் கீழே ஒரு பக்கக் கட்டுரை எழுதிச் சேர்த்தாள்.

அதன்பின் விண்ணப்பங்கள் அனுப்பத் தொடங்கினாள். இருபதுக்கும் மேற்பட்ட நிறுவனங்களுக்கு எழுதினாள். பெரும்பாலானவை பதிலே போடவில்லை. ஒரு நேர்முகத் தேர்வில், "வரலாறு படித்த உங்களுக்கு இங்கே என்ன வேலை?" என்று கேட்டனர். அவள் எதுவும் வாதிடாமல், தான் செய்த வரைபடத்தையும் கட்டுரையையும் காட்டினாள். தேர்வாளர்களுள் ஒருவர் கட்டுரையை முழுவதும் படித்தார். இரண்டு வாரங்கள் கழித்து, மென்பொருள் சோதனையாளர் வேலை அவளுக்குக் கிடைத்தது. சம்பளம், அவள் அப்போது வாங்கிக்கொண்டிருந்ததைவிடச் சற்றுக் குறைவு. ஓராண்டுக்குமேல் வேலை பார்த்துச் சேர்த்து வைத்திருந்த பணம் அந்தக் குறையை ஈடுகட்டும் என்று கணக்கிட்ட பிறகே அவள் வேலை மாறினாள். தந்தை கேட்ட கேள்வியை அவள் மறந்துவிடவில்லை.

எழுபது குறிகள்

புதிய நிறுவனத்தில் அவள் சேர்ந்த குழு, மருந்தகங்கள் நோயாளிகளுக்குக் குறுஞ்செய்தி அனுப்ப உதவும் மென்பொருளை உருவாக்கிக்கொண்டிருந்தது. நான்கு மொழிகளிலும் செய்தி சரியாகச் சென்று சேருகிறதா என்று சோதிக்கும் பணி நடந்தது. 'செய்தி வந்தது' என்று நான்கு மொழிகளுக்கும் அடையாளமிட்டு, அந்தப் பட்டியலை ஏற்கெனவே முடித்திருந்தனர். குழுவில் அவளைத் தவிர வேறு எவருக்கும் தமிழ் தெரியாது.

அவள் தமிழ்ச் செய்தியைத் திறந்து படித்தாள். அது இப்படி இருந்தது:

நாளைக் காலையில் இரத்தப் பரிசோதனை உள்ளது. அதற்கு முன் காலை உணவு சாப்பிட

அனுப்பப்பட்ட செய்தி 'சாப்பிடாதீர்கள்' என்று முடிந்திருக்க வேண்டும். ஆனால், கைப்பேசியில் 'சாப்பிட' என்பதோடு நின்றுவிட்டது. அவளுக்கு உடனே பாட்டியின் நினைவு வந்தது. பாட்டி தமிழ் மட்டுமே படிப்பவர். இந்தச் செய்தி அவருக்கு வந்தால், 'சாப்பிடவும்' என்று சொல்கிறார்கள் என்றுதான் நினைத்துக்கொள்வார். வெறும் வயிற்றுடன் செல்ல வேண்டிய பரிசோதனைக்குத் தோசை சாப்பிட்டுவிட்டுப் போவார். பரிசோதனையின் முடிவு தவறாக இருக்கும். அந்த முடிவை நம்பி மருத்துவர் மருந்தின் அளவை மாற்றினால் என்ன ஆகும்?

தவறு எங்கே நடந்தது? ஒரு குறுஞ்செய்தியில் 1120 பிட் அளவுக்கே இடமுண்டு. ஆங்கில எழுத்து ஒவ்வொன்றுக்கும் 7 பிட் போதும். ஆகவே, ஒரு செய்தியில் 160 குறிகள் அடங்கும். தமிழ், சீனம் போன்ற மொழிகளின் ஒவ்வொரு குறிக்கும் 16 பிட் தேவைப்படுகிறது. ஆகவே, 70 குறிகள் மட்டுமே அடங்கும். மேலும், கண்ணுக்கு ஓர் எழுத்தாகத் தெரியும் 'டா', கணினியைப் பொறுத்தவரை இரண்டு குறிகள்: 'ட' ஒன்று, துணைக்கால் மற்றொன்று. 'கோவிந்தசாமி' என்ற பெயரில் தமிழ் இலக்கணப்படி ஆறு எழுத்துகளே உள்ளன. கணினியின் கணக்கில் அவை பதினொரு குறிகள்.

அந்த மென்பொருள், ஒரே குறுஞ்செய்தியில் அடங்காத பகுதியை வெட்டிவிடுமாறு எழுதப்பட்டிருந்தது. ஆங்கிலச் செய்தி 160 குறிகளுக்குள் அடங்கிவிட்டதால் யாரும் சிக்கலை உணரவில்லை. தமிழ்ச் செய்தியோ சரியாக எழுபதாவது குறியில், அதாவது 'ட' என்பதோடு வெட்டுப்பட்டது. அந்த வெட்டில் பறிபோனது ஒரு சொல்லின் வால்தான். ஆனால், 'செய்யாதே' என்ற எதிர்மறைப் பொருள் அந்த வாலில்தான் இருந்தது. ஆங்கிலத்தில் எதிர்மறைச் சொல் முன்னால் வரும். தமிழில் அது வினைச்சொல்லின் இறுதியில் ஒட்டி வரும். ஆகவே, தமிழ் வாக்கியத்தின் கடைசிப் பகுதி போனால், பொருளே தலைகீழாகிவிடலாம்.

அவள் இதை ஒரு பக்கத்தில் எழுதி, மறுநாள் கூட்டத்தில் பொறியாளர்களுக்கு விளக்கினாள். அவர்கள் அமைதியாகக் கேட்டனர். பின்னர், நீண்ட செய்தியை வெட்டாமல் பகுதிகளாகப் பிரித்தனுப்பி, கைப்பேசியில் ஒன்றுசேர்க்கும் வகையில் நிரலை மாற்றினர். அவள் அதோடு நிற்கவில்லை. செய்தியையும் திருத்தி எழுதினாள்:

நாளைக் காலையில் இரத்தப் பரிசோதனை. வெறும் வயிற்றுடன் வரவும்.

இதில் 59 குறிகளே உள்ளன. எதிர்மறைச் சொல் எதுவும் இல்லை. வயதானவர்களுக்கும் எளிதில் புரியும். அந்தச் சிக்கலை நிரல் ஒரு பக்கம் தீர்த்தது. சொல் மறுபக்கம் தீர்த்தது.

மறுபக்கம்

இந்த இளம்பெண்ணுக்கு வழி கிடைத்தது என்பதற்காக, கலைப் படிப்பை முடித்த எல்லாருக்கும் கணினித் துறையில் இடம் கிடைத்துவிடும் என்று சொல்ல முடியாது. அந்தத் துறையிலும் ஆட்குறைப்பு நடக்கிறது. சில வேலைகளுக்குக் கணிதத்தில் ஆழ்ந்த அறிவு கட்டாயம் தேவை. ஓராண்டு இரவு வகுப்பு அதற்கு ஈடாகாது. குடும்பப் பொறுப்பு மிகுந்தவர்களுக்கு, சம்பளம் குறைந்தாலும் பரவாயில்லை என்று வேலை மாறுவது எளிதன்று. செயற்கை நுண்ணறிவு இன்று எளிய நிரல்களைத் தானே எழுதிவிடுகிறது. அதனால், தொடக்கநிலை வேலைகளின் தன்மையும் மாறி வருகிறது.

எனினும், இயந்திரம் எழுதிய நிரலையும் யாராவது சரிபார்க்கத்தான் வேண்டும். 'இதைப் படிக்கப்போகிறவர் யார்? அவருக்கு இது எப்படிப் புரியும்?' என்று யாராவது கேட்கத்தான் வேண்டும். பல்கலைக்கழகங்களும் இதை உணர்ந்திருக்கின்றன. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் 2021 முதல், மனிதவியல் மாணவர்களும் அறிவியல் மாணவர்களும் ஒரே கல்லூரியின்கீழ்ச் சேர்க்கப்படுகின்றனர். வரலாறு படிப்பவரும் தரவு அறிவைப் பெறுகிறார். அறிவியல் படிப்பவரும் மனிதவியல் பாடங்களைக் கற்கிறார்.

ஒரு துறையிலிருந்து மற்றொரு துறைக்கு மாற விரும்புபவர்கள் தங்களையே சில கேள்விகள் கேட்டுக்கொள்வது நல்லது. புதிய துறையில் எந்த வேலை வேண்டும்? அதற்கு என்ன கற்க வேண்டும்? கற்கும் காலத்தில் செலவுக்கு என்ன வழி? கற்றதைக் காட்டச் சொந்தமாக எதைச் செய்துபார்க்கலாம்? ஏற்கெனவே கற்ற பாடம் எந்த இடத்தில் கைகொடுக்கும்? இவற்றுக்கு விடை தேடாமல் ஆசையை மட்டும் நம்பி இறங்குபவர்கள் பாதி வழியில் சோர்ந்துவிடக்கூடும்.

மீண்டும் தீபாவளி வந்தது. முறுக்குத் தட்டுகள் கைமாறின. பெரியம்மா, "இப்போது கணினி வேலையா பார்க்கிறாய்? அப்படியென்றால் வரலாறு படித்தது வீணாகிவிட்டதே!" என்றார்.

அவள் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் அவளுடைய தந்தை குறுக்கிட்டார். "இல்லை அண்ணி. எதையும் கடைசிவரை படித்துப் பார்க்க வேண்டும் என்று அங்கேதானே கற்றுக்கொண்டாள்? அந்தப் பழக்கம்தான் இப்போது அவளுக்குச் சோறு போடுகிறது" என்றார்.

சன்னலோரம் இருந்த பாட்டிக்கு அந்தப் பேச்சு முழுவதும் புரியவில்லை. ஆனாலும், பேத்தியைப் பார்த்துச் சிரித்துவிட்டு, தட்டிலிருந்து ஒரே ஒரு முறுக்கை மட்டும் எடுத்துக்கொண்டார்.

கருத்தறிதல் வினாக்கள்

1. தந்தை கேட்ட கேள்விக்கு அந்த இளம்பெண்ணிடம் பதில் இல்லாமல் போனதற்குக் காரணம் என்ன?
2. வொஜ்சிக்கி, பட்டர்ஃபீல்ட் ஆகியோரின் கதைகளைக் கேட்பவர்கள் எதை மறந்துவிடக்கூடாது?
3. தமிழை இணையத்தில் இடம்பெறச் செய்வதில் நா. கோவிந்தசாமியின் பங்கை விளக்குக.
4. ஒரு குறுஞ்செய்தியில் ஆங்கிலத்தைவிடத் தமிழில் குறைவான குறிகளே அடங்குவது ஏன்? கணக்கிட்டுக் காட்டுக.
5. 'அந்த வெட்டில் பறிபோனது ஒரு சொல்லின் வால்தான்' என்ற தொடரின் பொருளைச் சொந்த நடையில் எழுதுக.
6. சொல்லும் நிரலும் சேர்ந்து அந்தச் சிக்கலை எவ்வாறு தீர்த்தன?

கலந்துரையாடுக

1. அந்த இளம்பெண் முழுநேர வகுப்பில் உடனே சேர்ந்திருக்க வேண்டுமா? அவள் எடுத்த முடிவு சரியானதா? குழுவில் விவாதித்து, காரணங்களுடன் கூறுக.
2. உங்கள் வீட்டில் உள்ள முதியவருக்குக் கைப்பேசியில் வரும் ஒரு தமிழ்ச் செய்தியைப் படித்துப் பாருங்கள். அது தெளிவாக உள்ளதா? இல்லையெனில், 70 குறிகளுக்குள் அதைத் திருத்தி எழுதி வகுப்பில் வாசித்துக் காட்டுங்கள்.